மேயாத மாடு, கப்பலேறிய புல்: அல்மராய் பண்ணைகளின் தீவனக் கதை

சவுதியில் நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வெயில், ஓவர்டைம், குப்பூஸ் எல்லாம் வந்தபிறகு லபனும் வரும். நம்ம ஊர் மோரைவிடக் கெட்டியாக, லேசான புளிப்போடு, பாட்டிலில் வருவது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு குப்பூஸும் ஒரு லபனும் போதும் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவன் என்பதால் எனக்கு அப்போதெல்லாம் ஒரே கேள்விதான் வரும். அந்த மணல்காட்டில் மாடு எதைத் தின்கிறது? பால் கறக்க மெஷின் வாங்கிவிடலாம். கொட்டகைக்குக் குளிரூட்டும் வசதி செய்துவிடலாம். ஆனால் ஒரு மாட்டுக்குத் தினமும் கூடை கூடையாகப் போட வேண்டிய தீவனத்துக்கு என்ன செய்கிறார்கள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அது ரியாத்துக்குத் தெற்கே தொடங்கி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு நீதிமன்றத்தில் போய் நிற்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்துப் பண்ணை நான்காகச் சுருங்கியது

அல்மராய் 1977இல் தொடங்கப்பட்ட சவுதி பால் நிறுவனம். சவுதி அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் சுல்தான் பின் முகமது பின் சவூத் அல் கபீரும், அயர்லாந்தைச் சேர்ந்த மக்கக்கியன் சகோதரர்களும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அல்மராய் என்ற அரபுச் சொல்லுக்கு மேய்ச்சல் நிலங்கள் என்று பொருள். அந்தப் பண்ணைகளில் மாடுகள் மேய்வதில்லை. வருடம் முழுக்கக் கொட்டகையிலேயே தீவனம் போட்டு வளர்க்கப்படுகின்றன.

தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் பத்துச் சிறு பண்ணைகளும், ஐந்து பால் பதப்படுத்தும் ஆலைகளும் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் நிர்வாகம் இதை மொத்தமாக மாற்றியது. பத்துப் பண்ணைகளுக்குப் பதில் நான்கு பெரிய பண்ணைகள், ஐந்து ஆலைகளுக்குப் பதில் ஒரே மைய ஆலை. பண்ணைகள் நான்கும் ரியாத்திலிருந்து 80 கிலோமீட்டர் அளவில் தென்கிழக்கே உள்ள அல் கர்ஜ் பகுதியில் அமைந்தன.

பால் வியாபாரமாகப் பார்த்தால் இது சரியான முடிவுதான். பால் சீக்கிரம் கெடும், ஆகவே ஆலையும் மாடும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பல்லாயிரம் மாடு இருந்தால் மருத்துவர், சினை ஊசி, தீவனக் கலவை எல்லாவற்றுக்கும் செலவு குறையும். ஆனால் பத்து இடங்களில் பரவியிருந்த தீவனத் தேவை அன்றைக்கே ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீர்மேல் வந்து உட்கார்ந்தது. இந்தக் கதையில் மறக்கக்கூடாத முதல் செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வித்து இங்கே இருக்கிறது.

அல் கர்ஜைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே இயற்கையாகவே ஆழமான நீர்க்குழிகள் இருந்தன. 1940களில் மன்னர் அப்துல் அஜீஸ் காலத்திலேயே அந்தக் குழிகளிலிருந்து பம்பு வைத்து இறைத்து அரசுப் பண்ணை நடத்தினார்கள். எண்ணெய் எடுக்க வந்த அமெரிக்க நிறுவனத்தின் ஆட்களே அதற்கு உதவினார்கள். அந்தக் குழிகள் பிற்காலத்தில் வற்றிப்போயின.

கொட்டகைக்குள்

இந்த மாதிரிப் பண்ணையின் அமைப்பை நம்ம ஊர் மாட்டுக்கொட்டகையின் பெரிய வடிவம் என்று நினைத்தால் தவறு. இங்கே மாடுகளைப் பிரித்து வைப்பது வயதை வைத்தும் கறவைக் காலத்தை வைத்தும். கன்று பிறந்ததும் சீம்பால் கொடுத்துத் தனியே கொண்டுபோய்விடுவார்கள். வளர்ந்த கிடாரிகள் ஒரு பகுதி. முதல் ஈற்றுக்கு நெருங்கியவை ஒரு பகுதி. புதிதாகக் கன்று ஈன்றவை, உச்சக் கறவையில் இருப்பவை, பால் இறங்கிக்கொண்டிருப்பவை என்று கறவை மாடுகளே மூன்று நான்கு கூட்டம். அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் கறவையை நிறுத்தி ஓய்வில் விடப்பட்ட, பால் வற்றிய மாடுகள் இன்னொரு கூட்டம்.

இப்படிப் பிரிப்பது தீவனத்துக்காகத்தான். உச்சக் கறவையில் இருக்கும் மாட்டுக்குத் தேவையான சத்தை வற்றிய மாட்டுக்குக் கொடுத்தால் அது கொழுத்துப்போய், ஈன்ற பிறகு தீவனம் எடுக்காமல் படுத்துவிடும். மாற்றிக் கொடுத்தால் கறவை மாடு உடம்பை உருக்கிப் பால் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித் தீவனக் கலவை. ஒரு பெரிய பண்ணையில் மாட்டு மருத்துவருக்குச் சமமான மரியாதை தீவனக் கணக்குப் போடுபவருக்கும் உண்டு.

குளிரூட்டல் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மாடுகள் ஹோல்ஸ்டீன் இனம், ஐரோப்பாவின் குளிர்ப் பகுதியைச் சேர்ந்தவை. 25 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். அல் கர்ஜின் கோடை 45 டிகிரிக்கு மேலே போகும். அங்கே காற்று காய்ந்து கிடப்பதுதான் இவர்களுக்குக் கிடைத்த வரம். உயரமான நிழல்கூரைக்குக் கீழே விசிறியோடு மெல்லிய நீர்த்திவலையைத் தூவினால் அந்தத் திவலை காற்றிலேயே ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். இதே ஏற்பாட்டைச் சென்னையில் செய்தால் பாதிப் பலன்கூட வராது. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் திவலை ஆவியாகாமல் மாட்டின் முதுகில் உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டுப் பண்ணை வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடற்கரை மாவட்டங்களில் திவலைக் குழாய் போட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொன்னேன்.

மூன்று நான்கு வேளைக் கறவை, கணக்குப் போட்ட தீவனம், குளிர்ந்த கொட்டகை. இவ்வளவும் சேர்ந்து மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டர் வரை கறக்கிறார்கள். நிறுவனத்தின் மொத்த மந்தை ஒரு லட்சத்துக்கும் மேல்.

ஒரு மாட்டின் ஒரு நாள் தீவனம்

40 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு, ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நாளைக்கு 22 முதல் 25 கிலோ வரை உலர்பொருள் உள்ளே போக வேண்டும். அதில் ஏறக்குறையப் பாதி அடர்தீவனம்: உடைத்த மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, முழுப் பருத்திக்கொட்டை, தாது உப்பு. மீதிப் பாதி நார்த்தீவனம்.

நார்த்தீவனத்தைக் குறைத்துவிட முடியாது. மாட்டின் பெருவயிறு ஒரு நொதிப்புத் தொட்டி. நீளமான நார் இருந்தால்தான் மாடு அசைபோடும். அசைபோட்டால்தான் எச்சில் ஊறும். அந்த எச்சில்தான் வயிற்றில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்கிறது. நாரைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டினால் சில நாள் பால் ஏறும். அப்புறம் வயிறு புளித்து, கால் குளம்பு வீங்கி, மாடு நொண்டும். ஆக ஒரு லட்சம் மாடு வைத்திருப்பவர் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் தினமும் பத்துப் பன்னிரண்டு லட்சம் கிலோ நார்த்தீவனத்துக்கு வழி பார்த்தே ஆக வேண்டும்.

அந்த நாருக்கு இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, மக்காச்சோளத்தைப் பால் பிடித்துக் கதிர் முற்றும் பருவத்தில் தட்டையோடு வெட்டி, குழியில் இறுக்கி மூடிப் புளிக்கவைத்த சைலேஜ். இன்னொன்று குதிரை மசால். அல்ஃபால்ஃபா என்று உலகம் சொல்வதைத்தான் நம் வேளாண் துறைப் புத்தகங்கள் குதிரை மசால் என்கின்றன. பயறு வகைச் செடி. காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். நல்ல காய்ந்த குதிரை மசாலில் 17 முதல் 20 சதவீதம் புரதம் இருக்கும். நம் வைக்கோலில் 3, 4 சதவீதம் தேறினால் அதிகம். ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு வருடம் வெட்டி வெட்டி எடுக்கலாம், மறுபடி தழைக்கும். நாருக்கு நார், புரதத்துக்குப் புரதம். மாட்டுக்காரனுக்கு இதைவிட நல்ல பயிர் கிடையாது.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதில்தான் மொத்தக் கதையும் திரும்புகிறது. சைலேஜில் 65 முதல் 70 சதவீதம் தண்ணீர். அதைப் பண்ணைக்குப் பக்கத்திலேயே விளைவிக்க வேண்டும். கடல் தாண்டிக் கொண்டுவந்தால் கூலி முழுவதும் தண்ணீருக்குக் கொடுத்ததாகிவிடும். காய்ந்த குதிரை மசாலில் ஈரம் 12 சதவீதத்துக்குள். இயந்திரத்தில் இரண்டு முறை அழுத்திக் கட்டினால் நாற்பதடிக் கன்டெய்னர் ஒன்றில் சுமார் 25 டன் ஏறும். கப்பலேறக்கூடிய புல் அது. ஈரம் மட்டும் கூடிவிடக்கூடாது. ஈரமாகக் கட்டிய கட்டு உள்ளுக்குள்ளே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். வைக்கோல் போர் வேகும் என்று நம் பெரியவர்கள் பயப்படுவார்களே, அதே சங்கதிதான்.

மாடு குடிப்பதும் மாடு தின்பதும்

பாலைவனத்தில் பால் பண்ணை என்றதும் எல்லோரும் மாடு குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் தூவும் திவலையைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வெயில் காலத்தில் நல்ல கறவை மாடு 120 முதல் 150 லிட்டர் வரை குடிக்கும். குளிரூட்டல், கழுவல் எல்லாம் சேர்த்து இன்னும் கொஞ்சம். சரி. இப்போது தீவனத்துக்கு வருவோம். வெப்பமான பாலைநிலத்தில் ஓர் ஏக்கர் குதிரை மசாலுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஆறடி உயரத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். லிட்டரில் சொன்னால் சுமார் 74 லட்சம். அந்த ஏக்கரில் கிடைக்கும் காய்ந்த தீவனம் 8 டன் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 900 லிட்டருக்கு மேல் வருகிறது. மாடு நாளைக்கு 6 கிலோ குதிரை மசால் தின்றாலே, அதற்காக எங்கோ ஒரு வயலில் 5,400 லிட்டர் தண்ணீர் செலவாகியிருக்கிறது.

குடித்தது 150. தின்றது 5,400. மக்காச்சோளத்தையும் சோயாவையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து பால் பண்ணை என்ற சொல்லே எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. பண்ணை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கொட்டகை இருக்கும் ஊரைச் சொல்கிறோம். உண்மையில் பண்ணையின் பெரும்பகுதி அதன் தீவன வயலில் இருக்கிறது.

கோதுமை போய்க் குதிரை மசால் வந்தது

சவுதி அரசு 1970களின் கடைசியில் தொடங்கிக் கோதுமையில் தன்னிறைவு வேண்டும் என்று பெரும் மானியம் கொடுத்தது. ஆழ்துளைக் கிணறு, வட்டமாகச் சுற்றிப் பாய்ச்சும் பாசன இயந்திரம், பல மடங்கு கொள்முதல் விலை. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் மணலின் நடுவே பச்சை வட்டங்கள் தெரிவது இதனால்தான். 1990களின் தொடக்கத்தில் வருட விளைச்சல் 40 லட்சம் டன்னைத் தொட்டது. மழையே இல்லாத நாடு கோதுமை ஏற்றுமதி செய்தது.

அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி பழைய நீர். ஆயிரமாயிரம் வருடங்களுக்கு முன், அந்த மண்ணில் மழை பெய்த காலத்தில் பாறைக்குள் இறங்கித் தங்கியது. எடுத்தால் திரும்ப ஊறாது. செலவு தாங்காமலும் நீர் இறங்குவதைப் பார்த்தும் அரசு மானியத்தைக் குறைத்தபோது, விவசாயிகள் கிணற்றை மூடிவிட்டுப் போகவில்லை. கோதுமையை விட்டுவிட்டுக் குதிரை மசாலுக்கு மாறினார்கள். பால் பண்ணைகள் வாங்கக் காத்திருந்தன அல்லவா? கோதுமை குளிர்காலப் பயிர், சில மாதத்தில் முடிந்துவிடும். குதிரை மசால் பன்னிரண்டு மாதமும் குடிக்கும். நீரைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை இன்னும் அதிக நீர் கேட்கும் பயிரைக் கொண்டுவந்து நிறுத்தியது. கொள்கை வகுப்பவர்கள் ஒரு பயிரை மட்டும் பார்த்து, அந்தப் பயிருக்குப் பின்னால் நின்ற மாட்டைப் பார்க்கவில்லை என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

2008இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைத்து 2016க்குள் நிறுத்துவது என்று அரசு முடிவெடுத்தது. அதே காலத்தில் சவுதி நிறுவனங்கள் வெளிநாடுகளில் நிலம் எடுத்துப் பயிர் செய்வதை ஊக்குவிக்கும் திட்டமும் வந்தது. அடுத்து 2015 டிசம்பரில் அமைச்சரவை பசுந்தீவனத்தின் பக்கம் வந்தது: மூன்று வருடத்தில் பசுந்தீவனச் சாகுபடியை நிறுத்த வேண்டும். பிறகு சிறு விவசாயிகளுக்குச் சில விலக்குகள் கொடுத்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கு வழி இல்லை. 2019க்குள் தீவனம் முழுவதையும் இறக்குமதி செய்வோம் என்று அல்மராய் அறிவித்தது.

உள்நாட்டு நீருக்கு இது நல்ல முடிவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மாடு அங்கேயே நின்றது, வயல் மட்டும் இடம்பெயர்ந்தது.

வயல் கடல் தாண்டியது

நிறுவனம் இதை முன்கூட்டியே பார்த்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2011 கடைசியிலேயே அர்ஜென்டினாவில் ஃபோண்டோமொண்டே என்ற நிறுவனத்தை வாங்கியது. 12,000 ஹெக்டேருக்கு மேல் நிலம். மக்காச்சோளமும் சோயாவும், அதாவது அடர்தீவனத்துக்கான சரக்கு. அங்கே மழை உண்டு.

குதிரை மசாலுக்கு அவர்கள் போன இடம்தான் யோசிக்க வைக்கிறது. 2014இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், விக்ஸ்பர்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 9,834 ஏக்கரை 4.75 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2016 ஜனவரியில் கலிபோர்னியாவின் பிளைத் பகுதியில் 1,790 ஏக்கரை 3.18 கோடி டாலருக்கு வாங்கினார்கள். இரண்டுமே பாலைநிலம்.

ஒரு பாலைவனத்திலிருந்து இன்னொரு பாலைவனத்துக்கு ஏன் போக வேண்டும்? காரணங்கள் தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். அங்கே குளிர்காலம் கடுமையில்லை, ஆகவே வருடத்தில் எட்டு, ஒன்பது முறை வெட்டலாம். காற்று காய்ந்தது, மழை குறுக்கிடாது, வெட்டிய தீவனம் வயலிலேயே பச்சை நிறம் மாறாமல் காயும். மழை பெய்யும் நாட்டில் வெட்டிப்போட்ட குதிரை மசால் ஒரு மழையில் நனைந்தால் இலை கொட்டிப்போய்த் தண்டுதான் மிஞ்சும். புரதம் இருப்பது இலையில். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துத் துறைமுகங்கள் லாரி போகும் தூரத்தில் இருக்கின்றன. ஆசியாவிலிருந்து துணி, பொம்மை, டிவி எல்லாம் ஏற்றிக்கொண்டு வரும் கன்டெய்னர்களில் பெருவாரி திரும்பும்போது காலியாகப் போக வேண்டியவை. காலிப் பெட்டிக்குக் கப்பல் கம்பெனிகள் குறைந்த வாடகை கேட்கும். புல்லைப் போன்ற விலை குறைந்த, இடம் அடைக்கிற சரக்கைக் கடல் தாண்டி அனுப்புவது கட்டுபடியாவதற்கு இந்த வாடகை முக்கியமான காரணம். மாட்டுக்கு 10 கிலோ நார்த்தீவனம் என்று வைத்தால், ஒரு லட்சம் மாட்டுக்கு நாளைக்கு 40 கன்டெய்னர் வர வேண்டும். அமெரிக்கா மட்டும் போதாது, வளைகுடா நாடுகளுக்கு ஸ்பெயினிலிருந்தும் சூடானிலிருந்தும்கூடக் குதிரை மசால் போகிறது.

இன்னொரு காரணம் விலையில் தெரிகிறது. மேலே சொன்ன இரண்டு வாங்கல்களையும் ஏக்கருக்கு வகுத்துப் பாருங்கள். விக்ஸ்பர்க்கில் ஏக்கர் சுமார் 4,800 டாலர். பிளைத்தில் சுமார் 17,800 டாலர். மண்ணின் தரம், வசதி என்று வேறு காரணங்களும் இருக்கலாம். பெரிய காரணம் நீருரிமை என்பது என் கணிப்பு. பிளைத் பகுதிக்கு 1877இலிருந்தே கொலராடோ ஆற்றில் பாத்தியதை உண்டு. ஆற்றில் நீர் குறைந்தால் கடைசியாக வெட்டு விழும் உரிமைகளில் அதுவும் ஒன்று. விக்ஸ்பர்க்கில் ஆறு இல்லை, கிணறுதான். ஆனால் நிலம் வாங்கிய காலத்தில் கிணற்றுக்கு அங்கே கேள்வி கேட்பார் இல்லை.

அரிசோனா 1980இல் நல்ல நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஃபீனிக்ஸ், டூசான் போன்ற நகரங்களைச் சுற்றிய பகுதிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. கிராமப்புறத்தின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு வெளியே விடப்பட்டது. அங்கே நிலம் உன்னுடையது என்றால் அதன் கீழுள்ள நீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். பயிருக்குப் பயன்பட்டால் போதும். அளக்கவும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

பட்லர் பள்ளத்தாக்கு

வாங்கிய நிலம் போக, அரிசோனாவின் பட்லர் பள்ளத்தாக்கில் மாநில அரசுக்குச் சொந்தமான சுமார் 3,500 ஏக்கரையும் அல்மராயின் அமெரிக்கத் துணை நிறுவனம் குத்தகைக்கு வைத்திருந்தது. அதற்கும் ஃபோண்டோமொண்டே என்றே பெயர். ஏக்கருக்கு வருடம் 25 டாலர் வாடகை. நீருக்குத் தனியாக எதுவும் இல்லை. மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு வருடத்தில் எழுபது லட்சம் லிட்டருக்கு மேல் குடிக்கும் பயிர்.

கொலராடோ ஆறு இறங்கி, அரிசோனாவின் பங்கு வெட்டப்பட்ட வருடங்களில் இந்தச் செய்தி பரவியது. பக்கத்து ஊர்க்காரர்களின் வீட்டுக் கிணறுகள் வற்றின. ஆழப்படுத்தக் காசு இல்லாதவர்கள் நீரை வண்டியில் வாங்கினார்கள். நம்ம ஊரில் ஆயிரம் அடி போர் போட்டவர் தோட்டத்துக்குப் பக்கத்தில் திறந்த கிணறு வைத்திருக்கும் விவசாயிக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். சட்டப்படி குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் எழுந்து மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வரும்.

2023 அக்டோபரில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ், பட்லர் பள்ளத்தாக்குக் குத்தகைகளில் ஒன்றை ஒப்பந்த மீறல் காரணமாக ரத்து செய்தார். மற்ற மூன்றும் 2024 பிப்ரவரியில் முடியும்போது புதுப்பிக்கப்படாது என்றும் அறிவித்தார். 2024 டிசம்பரில் மாநில அட்டர்னி ஜெனரல் கிரிஸ் மேயஸ், விக்ஸ்பர்க் அமைந்திருக்கும் ரானெக்ராஸ் நிலத்தடி நீர்ப் படுகையில் அளவுக்கு மீறி நீர் எடுத்துப் பொதுமக்களுக்குத் தொல்லை விளைவிப்பதாக ஃபோண்டோமொண்டே மீது வழக்குத் தொடர்ந்தார். 2023இல் அந்தப் படுகையில் எடுக்கப்பட்ட மொத்த நீரில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரு நிறுவனம் எடுத்தது என்றும், கிணறுகள் வற்றுவதோடு நிலமே தாழ்ந்து இறங்குகிறது என்றும் வழக்கு சொல்கிறது. சட்டத்துக்கு உட்பட்டுத்தான் நடக்கிறோம் என்பது நிறுவனத்தின் பதில்.

இந்த விவகாரத்தில் வெளிநாட்டுக்காரன் நம் நீரைக் கொள்ளையடிக்கிறான் என்ற கோபம்தான் அமெரிக்கச் செய்திகளில் முன்னால் நின்றது. அதில் நியாயம் உண்டு, ஆனால் முழு உண்மை அதில் இல்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் விளையும் குதிரை மசாலின் பெரும்பகுதியைத் தின்பது அமெரிக்க மாடுகள்தான். அந்த மாடுகளின் பாலை வெண்ணெயாகவும் சீஸாகவும் தின்பது அமெரிக்கர்கள்தான். நாளைக்கு அதே விக்ஸ்பர்க் நிலத்தை அரிசோனாக்காரர் ஒருவர் வாங்கி, அதே பயிரை அதே பம்பால் பாய்ச்சி, உள்ளூர்ப் பண்ணைக்கு விற்றால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு என்ன மாறிவிடும்? கேட்பாரற்ற நீர் என்று ஒன்று இருந்தால், அதிகம் தீவனம் தேவைப்படும் மாடு எங்கே நின்றாலும் அங்கே தேடி வரும்.

மாடு பறக்கும், புல் பறக்காது

பக்கத்து நாடான கத்தார் கதையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2017 ஜூனில் சவுதியும் கூட்டாளி நாடுகளும் கத்தாரின் எல்லையை அடைத்தபோது, அதுவரை சவுதியிலிருந்து வந்துகொண்டிருந்த பால் நின்றது. அடுத்த மாதமே பலத்னா என்ற நிறுவனத்துக்காக ஜெர்மனியிலிருந்து 165 மாடுகள் கொண்ட முதல் கூட்டம் கத்தார் ஏர்வேஸ் சரக்கு விமானத்தில் தோஹாவில் வந்திறங்கியது. ஆயிரக்கணக்கில் மாடுகள் தொடர்ந்து வந்தன. விமானத்தில் மாடு இறங்கிய படம் உலகம் முழுக்கப் போனது. கொஞ்ச காலத்தில் நாடு பாலில் தன்னிறைவு அடைந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

பாராட்ட வேண்டிய வேகம்தான். ஆனால் தன்னிறைவு என்ற சொல்லில் எனக்கு வருத்தம் உண்டு. 650 கிலோ எடையுள்ள மாட்டை ஒருமுறை விமானத்தில் கொண்டுவந்துவிடலாம். அது ஒரு மாதத்தில் தன் எடைக்கு மேல் உலர்தீவனம் தின்னும், அதை விமானத்தில் கொண்டுவர யாராலும் முடியாது. முன்பு எல்லை தாண்டிப் பால் வந்தது. இப்போது கடல் தாண்டித் தீவனம் வருகிறது. வந்துசேரும் சரக்கு மாறியிருக்கிறதே தவிர, வெளியிலிருந்து வருவது நிற்கவில்லை. பால் நின்றால் மக்கள் ஒரு வாரம் பால் இல்லாமல் இருப்பார்கள். தீவனம் நின்றால் மாடு சாகும். அதனால்தான் இப்படிப்பட்ட பண்ணைகள் மாதக்கணக்கில் தீவனத்தை இருப்பு வைக்க வேண்டியிருக்கிறது. கிடங்கு, காப்பீடு, முடங்கிய பணம் எல்லாம் பால் விலையில் போய் உட்காரும்.

நம்ம ஊரோடு ஒப்பிட எனக்குத் தயக்கம்தான், இரண்டும் வேறு உலகம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு மாடு தின்றது வைக்கோல், சோளத்தட்டை, தவிடு, கடலைப் புண்ணாக்கு, வரப்புப் புல். வரப்புப் புல்லைத் தவிர மீதி எல்லாம் மனிதன் தின்னத் தேவைப்பட்ட பயிரின் மிச்சம். வைக்கோலுக்கென்று யாரும் தனியாகத் தண்ணீர் பாய்ச்சவில்லை, நெல்லுக்குப் பாய்ந்த நீரில் அது வந்தது. அந்தத் தீவனத்தில் 40 லிட்டர் ஒருநாளும் கிடைக்காது. ஏழெட்டு லிட்டர் கறந்தால் சந்தோஷம். அதிகம் கறக்கும் மாட்டை வாங்கும் நாளில் மிச்சத்தைத் தின்னும் மாடு போய், தனக்கென்று வயல் கேட்கும் மாடு வந்துவிடுகிறது. இப்போது தமிழ்நாட்டிலும் இருபது முப்பது மாடு வைத்திருப்பவர்கள் மக்காச்சோள சைலேஜ் மூட்டைகளை லாரியில் இறக்குகிறார்கள். அதில் தவறு இல்லை, பலருக்கு நிலம் இல்லை, ஆளும் கிடைப்பதில்லை. மாடு வாங்கக் கடன் கொடுக்கும் இடத்தில் கொட்டகைக்கு எத்தனை அடி என்று கேட்கிறார்கள். தீவனம் எந்த வயலில், எந்தத் தண்ணீரில் விளையும் என்றும் ஒரு வரி கேட்க வேண்டும் என்று இந்த அல்மராய் கதையைப் படித்த பிறகு எனக்குத் தீவிரமாகத் தோன்றுகிறது. கடனை அடைக்கப்போவது கொட்டகை அல்ல, தீவனச் செலவு போக மிஞ்சும் பால் பணம்.

பட்லர் பள்ளத்தாக்கில் குத்தகை நிலம் அரசிடம் திரும்பிவிட்டது. விக்ஸ்பர்க் நிலம் நிறுவனத்துக்குச் சொந்தமானது, அதைக் குத்தகை ரத்தால் தொட முடியாது. அதனால்தான் அங்கே வழக்கு. அர்ஜென்டினா நிலத்திலும் பிளைத் நிலத்திலும் இந்த வழக்குக்கு வேலை இல்லை. அல் கர்ஜ் கொட்டகைகளில் தீவனக் கலவை வண்டி வழக்கம்போல நாளுக்குப் பல தடவை போய்வந்துகொண்டிருக்கிறது.